கேள்வி–பதில்: ஆறப் பொறுக்கும் அவை

போன இதழில், நாடாளுமன்றத்தின் மேலவையான ராஜ்யசபா வேண்டும் என்று ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத ஆட்கள் ராஜ்யசபாவில் உட்கார்ந்துகொண்டு, மக்களவை நிறைவேற்றிய சட்டத்தைத் தடுக்கலாமா? இது என்ன ஜனநாயகம்?
— கல்லூரி மாணவி, கும்பகோணம்

நியாயமான கேள்வி. முதலில் அங்கே ஆட்கள் எப்படிப் போகிறார்கள் என்று பார்த்துவிடுவோம். 245 இடங்களில் 12 பேர்தான் நியமனம். மீதி 233 பேரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடம், பதவிக்காலம் ஆறு வருஷம், ஆறு ஆறு பேராக மூன்று தவணையில் மாறுவார்கள். 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டால் ஒருவர் ஜெயிக்க 34 ஓட்டு வேண்டும். எம்.எல்.ஏ. அதற்கென்று கொடுக்கும் பேனாவால் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று எழுதி, சீட்டைத் தன் கட்சி ஏஜென்ட்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். 2017-ல் குஜராத்தில் இரண்டு எம்.எல்.ஏ.க்கள் எதிர்க்கட்சிக்காரரிடமும் சீட்டைக் காட்டினார்கள் என்று அந்த இரண்டு ஓட்டுமே செல்லாமல் போயின. நம் ஊரில் பல தடவை இந்தக் காட்சிக்கே வேலை இருக்காது. ஆறு இடம், ஆறு மனு, எல்லாரும் போட்டியின்றித் தேர்வு, முடிந்தது. ஆகவே உங்கள் ஓட்டுக்கும் அந்த எம்.பி.க்கும் நடுவில் ஒரு நூல் இருக்கிறது. மெல்லிய நூல்தான், மறுக்கவில்லை.

பிறகு ஏன் அந்த அவை வேண்டும் என்கிறேன்? 356-வது பிரிவை நினைத்துப் பாருங்கள், தமிழ்நாட்டில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு மாநில அரசைக் கலைத்தால் அந்த உத்தரவுக்கு இரண்டு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் அரசு பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைத்தது. மக்களவை ஒப்புதல் தந்துவிட்டது, ராஜ்யசபாவில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை. அங்கே தோற்கும் என்று தெரிந்ததும் உத்தரவையே திரும்பப் பெற்றார்கள். மார்ச்சில் ராப்ரி தேவி மறுபடி முதலமைச்சர். அவர் ஆட்சி எப்படி இருந்தது என்பது வேறு விஷயம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் பீகார் மக்கள்.

இதே அவை நம்மைக் கைவிட்ட கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. அடுத்த வருஷம் மக்களவை கலைந்திருந்த சமயம், ராஜ்யசபாவை மட்டும் 1977 பிப்ரவரி 28-ம் மார்ச் 1-ம் கூட்டி, தமிழ்நாட்டிலும் நாகாலாந்திலும் குடியரசுத் தலைவர் ஆட்சியை நீட்டித்துக்கொண்டார்கள். அதற்கு முன்னாலும், எமர்ஜென்சி நடுவே, பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற 39-வது திருத்தம் மக்களவையில் 1975 ஆகஸ்ட் 7 அன்று நிறைவேறியது, ராஜ்யசபாவில் மறுநாளே. ஒரு ராத்திரிக்கு மேல் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கென்றே உண்டாக்கிய அவை அது!

ஆனால் தடுக்கிற அதிகாரம் அதிகம் இல்லையா, ஐயா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், விருதுநகர்

நினைக்கிற அளவுக்கு இல்லை. பண மசோதா, அதாவது வரி, அரசுச் செலவு பற்றிய மசோதா என்றால் 14 நாளில் திருப்பி அனுப்பியாக வேண்டும், அவ்வளவுதான். சாதாரண மசோதாவில் இரண்டு அவையும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் போடலாம், அதில் எண்ணிக்கை பலத்தால் மக்களவை பக்கமே சாயும். அப்படி மூன்று தடவைதான் நடந்திருக்கிறது: 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம், 1978-ல் வங்கிப் பணி ஆணையத்தை ரத்து செய்யும் மசோதா, 2002-ல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா. அரசியல் சட்டத்திருத்தத்தில் மட்டும் ராஜ்யசபாவை மீற வழியே கிடையாது.

அந்த அதிகாரம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1970 செப்டம்பர் 5. மன்னர் மானிய ஒழிப்புத் திருத்தம் ராஜ்யசபாவில் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. திருத்தம் நிறைவேற, ஓட்டுப் போட்ட 224 பேரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; அது 149-ம் அதற்கு மேல் மூன்றில் ஒன்றும். அந்த மூன்றில் ஒரு பங்கு ஓட்டு இல்லாமல் திருத்தம் விழுந்தது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஒழிக்கத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன், சுதந்திரம் வந்து 23 வருஷம் கழித்தும் மகாராஜாக்களுக்கு மக்கள் பணத்தில் மானியம் என்ன வேண்டிக்கிடக்கிறது? இருந்தாலும் அந்தத் தோல்வியை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். இந்திரா காந்தி உடனே குடியரசுத் தலைவர் உத்தரவால் அதைச் சாதிக்கப் பார்த்தார், டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1971-ல் தேர்தல் வந்தது, பெரிய வெற்றியோடு திரும்பி வந்தார், அந்த வருஷமே 26-வது திருத்தத்தில் மானியம் ஒழிந்தது. பதினைந்து மாதம் தாமதம். நடுவில் மக்களிடமே போய்க் கேட்டாகிவிட்டது, அதனால் அப்புறம் யாராலும் அதை அசைக்க முடியவில்லை. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டாமா?

தேர்தலில் தோற்றவர்களுக்கும், நிற்கப் பயந்தவர்களுக்கும் கொல்லைப்புற வாசலாகத்தானே மேலவைகள் இருக்கின்றன?
— ஆட்டோ ஓட்டுநர், மதுரை

அப்படியும் ஆகியிருக்கிறது. 1952-ல் சென்னை மாகாணத்தில் 375 இடத்தில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. ராஜாஜி தேர்தலில் நிற்கவே இல்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மாநில மேலவைக்கு நியமித்தார், அந்த நியமனத்தை வைத்து அவர் முதலமைச்சர் ஆனார். அடுத்த வருஷம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம் வந்தது. குலக்கல்வி என்று மாகாணமே எதிர்த்தது, 1954-ல் விலகினார். ராஜாஜியின் அறிவையும் எளிமையையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஓட்டுக் கேட்டு ஒரு தெருவுக்குள்கூடப் போகாமல் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு உதாரணமும் நம்முடையதுதான். 1962-ல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார், அதே தேர்தலில் திமுக 50 இடங்களில் ஜெயித்தது. அந்த எம்.எல்.ஏ.க்கள் அவரை ராஜ்யசபாவுக்கு அனுப்பினார்கள். மே 1 அன்று அங்கே தன் முதல் உரையில், தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லி, திராவிட நாட்டுக் கோரிக்கையை டெல்லி முகத்துக்கு நேரே வைத்தார். தோற்றவர்தான். அவரை அனுப்பியவர்களுக்குப் பின்னால் லட்சக்கணக்கான ஓட்டு இருந்தது, அவரும் ஆட்சி நடத்தப் போகவில்லை, பேசப் போனார். வாசல் ஒன்றேதான் தம்பி, யார் அனுப்பினார்கள், எதற்குப் போனார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இளையராஜா மாதிரி ஆட்களை நியமிப்பது சரியா?
— இல்லத்தரசி, திண்டுக்கல்

இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவையில் சிறந்தவர்களுக்கு அந்த 12 இடம். ருக்மிணி தேவி அருண்டேல், சிவாஜி கணேசன், எம்.எஸ். சுவாமிநாதன், 2022-ல் இளையராஜா என்று நம் பக்கத்திலிருந்து பலர் போயிருக்கிறார்கள். யோசனை நல்லது. விவசாய மசோதா வரும்போது பயிரைப் பற்றித் தெரிந்த ஒருவர் எழுந்து பேசுவது நாட்டுக்கு லாபம். ஆனால் பெயரைத் தேர்ந்தெடுப்பது அரசாங்கம், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மசோதாவில் ஓட்டு உண்டு. இது எனக்குச் சம்மதமில்லை. பேசட்டும், திருத்தம் கொடுக்கட்டும், ஓட்டு மட்டும் வேண்டாம்.

இலங்கையில் முன்பு செனட் சபை இருந்ததே, அது தமிழருக்கு என்ன செய்தது?
— யாழ்ப்பாணத்து வாசகர், இப்போது டொராண்டோவில்

1947-ல் சோல்பரி அரசியலமைப்போடு வந்த சபை. 30 பேர்; 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது, 15 பேரை கவர்னர் ஜெனரல் நியமித்தார். சிறுபான்மையினருக்கு ஒரு காப்பு என்றும் அதைச் சொன்னார்கள். 1948-ல் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் அந்தச் சபையைத் தாண்டித்தான் போனது. 1956-ல் தனிச் சிங்களச் சட்டமும் அப்படியே. 1960-ல் சிறிமாவோ பண்டாரநாயக்க பொதுத்தேர்தலில் நிற்காமலே உலகின் முதல் பெண் பிரதமர் ஆனார், செனட் உறுப்பினராக இருந்தபடியே ஆட்சி நடத்தினார். 1971 அக்டோபரில் சபையையே ஒழித்துவிட்டார்கள். பாதியை அரசு நியமித்து, மீதியை அரசின் பெரும்பான்மை தேர்ந்தெடுத்தால் அந்தச் சபை யாருக்குக் காவல் நிற்கும்? நீங்கள் இப்போது இருக்கும் கனடாவிலும் செனட்டின் 105 பேரும் நியமனம்தான், 75 வயது வரை இருக்கலாம்.

தமிழ்நாட்டில் மேலவை மறுபடி வர வேண்டுமா?
— பள்ளி ஆசிரியை, நாமக்கல்

நீங்கள் கேட்டதும் என் அப்பா ஞாபகம். அவரும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், மேலவையின் ஆசிரியர் தொகுதியில் அவருக்கு ஓட்டு உண்டு. எல்லாருக்கும் முத்திரை குத்துகிற ஓட்டு, அவருக்கு எண் எழுதுகிற ஓட்டு. முந்தின நாள் ராத்திரி பழைய நோட்டுத் தாளில் பெயர்களை எழுதி, 1, 2, 3 போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். வேட்பாளரும் திண்ணையில் வந்து உட்கார்ந்து, மேல்நிலை வகுப்புகளுக்கு ஆள் போடாததைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போவார். அது எனக்குப் பிடிக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் என் பதில், வேண்டாம். மொத்த இடத்தில் ஆசிரியருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, பட்டதாரிகளுக்கு இன்னொரு பங்கு. மூன்றில் ஒன்று எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பது, இன்னொரு மூன்றில் ஒன்று உள்ளாட்சி, ஆறில் ஒன்று கவர்னர் நியமனம். படித்தவனுக்கு இரண்டு ஓட்டு, நெசவாளிக்கும் மீனவருக்கும் ஒரே ஓட்டு என்பதை இன்றைக்கு எப்படி நியாயப்படுத்துவது? அதிகாரமும் பெரிதாக இல்லை. முதல் தடவை மூன்று மாதம், அடுத்த தடவை ஒரு மாதம் தாமதிக்கலாம், அவ்வளவுதான். ராஜ்யசபா மாநிலங்களுக்காகப் பேச வேண்டிய அவை. நம் மேலவை யாருக்காகப் பேசும்?

இன்னொன்று, பிடிக்காதபோது அதை ஒழித்துவிடுவது ரொம்ப சுலபம். 1986-ல் ஒரு நடிகையின் நியமனம் சர்ச்சையான சூட்டில் எம்.ஜி.ஆர். தீர்மானம் கொண்டுவந்தார், நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. ம.பொ.சி.தான் அதன் கடைசித் தலைவர். அப்புறம் 2011 வரை திமுக வரும்போதெல்லாம் மீட்கத் தீர்மானம், அதிமுக வந்ததும் அதை ரத்து செய்யத் தீர்மானம். 2010-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டும், தேர்தலுக்கு உச்ச நீதிமன்றத் தடை, 2011-ல் ஆட்சி மாற்றம், அதோடு நின்றது. ஆந்திராவில் 2020 ஜனவரியில் மூன்று தலைநகர் மசோதாவை மேலவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பியதும், சில நாளிலேயே மேலவையை ஒழிக்கத் தீர்மானம் போட்டார்கள்; அடுத்த வருஷம் வாபஸ். அரசுக்குக் கோபம் வந்தால் காணாமல் போகிற ஒரு அவை அரசை எப்படிக் கேள்வி கேட்கும்?

ராஜ்யசபாவில் என்ன மாற்றினால் உங்களுக்குத் திருப்தி?
— வழக்கறிஞர், திருச்சி

இரண்டு இருக்கிறது. ஒன்று, பண மசோதா என்ற முத்திரை. எது பண மசோதா என்பதை மக்களவை சபாநாயகர் முடிவு செய்கிறார். 2016-ல் ஆதார் மசோதாவுக்கு அந்த முத்திரை விழுந்தது. ராஜ்யசபா சொன்ன ஐந்து திருத்தங்களையும் மக்களவை அன்றைக்கே தள்ளிவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அதை ஏற்றது, நீதிபதி சந்திரசூட் மட்டும் அரசியலமைப்பையே ஏமாற்றும் செயல் என்று எழுதினார். நான் அவர் பக்கம்.

இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். 2003 வரை ஒரு மாநிலத்தின் ராஜ்யசபா எம்.பி. அந்த மாநிலத்தில் வாக்காளராக இருக்க வேண்டும். அப்போதும் வாடகை வீட்டு முகவரி காட்டி உள்ளே வந்தவர்கள் உண்டு, ஆனாலும் விதி என்று ஒன்று இருந்தது. 2003-ல் அதை எடுத்துவிட்டார்கள், 2006-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. மாநிலங்களவை என்று பெயர் வைத்துவிட்டு, மாநிலத்தோடு சம்பந்தமே இல்லாதவர் வரலாம் என்றால், காவிரி விவகாரத்தில் அவர் யாருக்காக எழுந்து நிற்பார்? இதைச் சரிசெய்ய அரசியல் சட்டத்திருத்தம்கூட வேண்டாம் சார். 1951-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 3-வது பிரிவில், இந்தியாவில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும் என்றிருப்பதை, அந்த மாநிலத்தில் என்று பழையபடி மாற்ற வேண்டும். சாதாரணப் பெரும்பான்மை போதும்.