அரசுப் பள்ளிகளில் பொருள் வாங்குவதைச் சீராக்குவது எப்படி?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி, 31 முதல் 100 பேர் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அதில் 10 சதவீதமாவது தூய்மைக்குப் போக வேண்டும். இவ்வளவு சிறிய தொகையில் ஒரு தவறான கொள்முதலே பெரிய இழப்பு.

தலைமையாசிரியர் பாடம் நடத்தப் பயிற்சி பெற்றவர், கடைகள் தரும் விலைப்புள்ளிகளை ஒப்பிட அல்ல. முதலில் அந்தப் பயிற்சி வேண்டும். ‘குடிநீர் வடிகட்டி 1’ என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் கொடுப்பதுதான் வடிகட்டி. எத்தனை லிட்டர், எத்தனை ஆண்டு உத்தரவாதம், சர்வீஸ் யார் பொறுப்பு என்று முன்பே எழுத வேண்டும்.

அப்புறம், பக்கத்துப் பள்ளிகளை ஒன்றுசேர்க்கும் குறுவள மையக் கூட்டங்களில் அவை விலை விவரங்களைப் பகிரலாம். சேர்ந்து கேட்டால் விலையும் குறையலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மானியச் செலவைக் கண்காணிக்கும் பொறுப்பை 2009 கல்வி உரிமைச் சட்டமே இக்குழுவுக்குத் தந்திருக்கிறது. கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல், விலை பார்க்கும்போதே அவர்களை உட்கார வையுங்கள்.