தரங்கம்பாடிக்கு ரெண்டு நாள் போதுமா அக்கா?

கேள்வி: அக்கா, சனி ஞாயிறு லீவுல வீட்டுக்காரரு, ரெண்டு பிள்ளைங்களோட தரங்கம்பாடி பழைய கட்டிடமெல்லாம் பாக்கலாம்னு இருக்கோம். போயிட்டு வந்தவங்க எல்லாம் கோட்டை மட்டும்தான், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்னு சொல்றாங்க. ரெண்டு நாள் வேஸ்ட்டா போயிருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மாடி, ஒரு மணி நேரத்துல முடிச்சவங்க கார்ல நேரா கோட்டை வாசல் வரைக்கும் போயிருப்பாங்க, அதான். நீங்க வண்டிய ஊர் வாசலுக்கு வெளியவே விட்டுட்டு இறங்கி நடங்க. அந்த வாசல் 1792ல கட்டினது, அதுக்குள்ள நுழைஞ்சா ராஜா தெரு நேரா கடல் வரைக்கும் போகும், நடக்கும்போதே முந்நூறு வருஷம் பழைய ஊர் ஒண்ணொண்ணா வரும். முதல்ல 1701ல கட்டின சீயோன் ஆலயம், அப்புறம் 1718ல கட்டின புதிய எருசலேம் ஆலயம், அதோட முகப்புல டென்மார்க் ராஜாவோட முத்திரை இருக்கும், பிள்ளைங்கள தேட விடுங்க. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கதான் 1719ல அடக்கமானார். 1706ல வந்து இறங்குன மனுஷன், பதிமூணே வருஷத்துல தமிழ் கத்துக்கிட்டு, புதிய ஏற்பாட்ட மொழிபெயர்த்து, இந்த ஊர்லயே அச்சடிச்சு முடிச்சிட்டாரு.

கோட்டை கடைசியில பாருங்க. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க கட்டின டேன்ஸ்போர்க் அது. கீழ்த்தளம் சரக்கு வைக்கவும் சிறைக்கும், மேல கவர்னர் இருக்கவும்னு பிரிச்சிருந்தாங்க, மிளகுக்காகத்தான் இவ்வளவு பெரிய கட்டிடம்னு பிள்ளைங்களுக்கு சொன்னா நம்ப மாட்டாங்க. 1845ல வங்காளத்துல அவங்ககிட்ட இருந்த செரம்பூரோட சேத்து பன்னெண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டாங்க, அதோட துறைமுகம் படுத்துருச்சு, அதனாலதான் இந்த ஊரு பெரிய டவுனா மாறாம தப்பிச்சு நிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை காலைல விடியும்போது மாசிலாமணி நாதர் கோயிலுக்கு போங்க. 1306ல மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது, ஊருக்கு அப்ப சடங்கன்பாடின்னு பேரு, கல்வெட்டுல அப்படித்தான் இருக்கு. டேனிஷ்காரங்க வர்றதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே இங்க ஊரு இருந்துச்சுங்கறது இந்தக் கோயிலால மட்டும்தான் கண்ணுக்கு தெரியுது, அதுல ஒரு பாதிய கடல் ஏற்கனவே எடுத்துட்டுப் போயிருச்சு. கரையில கல்லு போட்டு தடுத்திருக்காங்க. எனக்கு அங்க நிக்கும்போது எப்பவும் மனசு கனத்துரும், அதனாலயே இத விட்டுட்டு வந்துராதீங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன்.

கேள்வி: அக்கா, தமிழ்ல முதல் முதல்ல அச்சடிச்ச புத்தகம் தரங்கம்பாடிலதான்னு கைடு சொன்னார், உண்மையா?
– கல்லூரி மாணவன், திருச்சி

பதில்: இல்ல தம்பி. கொல்லத்துல 1578லயே தம்பிரான் வணக்கம்ங்கிற கிறிஸ்தவ புத்தகம் தமிழ் எழுத்துல அச்சாயிருச்சு. தரங்கம்பாடிக்கு உள்ள பெருமை வேற: முழு புதிய ஏற்பாடும் தமிழ்ல முதல்ல அச்சேறுனது இங்க. அதுவே பெரிய விஷயம், கூட ஒண்ணு சேத்து சொல்ல வேண்டியதே இல்ல.

கேள்வி: தரங்கம்பாடில பழைய வீடுகள சுண்ணாம்பு வச்சு ரிப்பேர் பண்ணியிருக்காங்க, சிமெண்ட் போட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமே அக்கா? எங்க தாத்தா வீட்டையும் பூசணும், அதான் கேக்கறேன்.
– வாசகர், காரைக்கால்

பதில்: தயவு செஞ்சு சிமெண்ட் போட்டுறாதீங்க தம்பி! பழைய செங்கல் சுவர் தரையில இருந்து ஈரத்த உறிஞ்சும், சுண்ணாம்பு பூச்சு வழியா அந்த ஈரம் வெளிய போயிரும், சிமெண்ட் போட்டா போக வழியில்லாம உள்ளயே நிக்கும், கடலோர ஊர்ல அந்த ஈரத்தோட உப்பும் இருக்கறதால காயும்போது உப்பு பூத்து செங்கல்லையே மாவு மாதிரி உதிர்த்துரும். வெளிய பாத்தா சுவர் நல்லா இருக்கும், தட்டுனா டொக்குன்னு சத்தம் வரும். 2004 சுனாமிக்கு அப்புறம் தட்டார் தெரு வீடுகள பழைய கட்டிடங்கள பாதுகாக்குற இன்டாக் அமைப்பு சீர் பண்ணாங்க, ஒரு தடவ போய் அந்த திண்ணையும் சுவரும் தொட்டுப் பாருங்க, அதுல இன்னமும் ஆளுங்க குடியிருக்காங்க, அதனால கேட்டுட்டு போங்க, உள்ள போட்டோ எடுக்காதீங்க. உங்க தாத்தா வீட்டு மேல்தளம் மெட்ராஸ் டெரஸா, அதாவது மர உத்திரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு போட்ட தளமா இருந்தா அது மேல தண்ணி தேங்க விடாதீங்க, உத்திரத்துக்கட்ட முனை சுவருக்குள்ள போற இடத்துலதான் முதல்ல உளுத்துப் போகும், பூசறதுக்கு முன்னாடி அத ஒரு ஆள விட்டு தட்டிப் பாத்துருங்க.