எந்த மேசியாவை எதிர்பார்த்தார்கள்?

கேள்வி: இயேசுவின் காலத்து யூதர்கள் எல்லோரும் ரோமரை விரட்டும் அரசனைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். சரிதானா?

பதில்: பாதி சரி. அரச மேசியாவுக்காகக் காத்திருந்தவர்கள் உண்டு. (மேசியா என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர்; கிரேக்கத்தில் ‘கிறிஸ்து’.) தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைக்கும் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன வாக்குதான் (2 சாமுவேல் 7) அதற்கு வேர். கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்தபின் எழுந்த ‘சாலொமோனின் சங்கீதங்கள்’ என்ற நூலின் 17ஆம் பாடல், தாவீதின் குமாரன் வந்து நகரைப் புறஜாதியாரிடமிருந்து சுத்திகரிக்கவேண்டும் என்று மன்றாடுகிறது. ஆனால் அதே பாடலில் அந்த அரசன் குதிரையையும் வில்லையும் நம்பமாட்டான்! வெறும் போர்வீரனாக அவனைக் கற்பனை செய்வது அந்தப் பாடலுக்கே பொருந்தாது.

‘எல்லோரும்’ என்பதுதான் இடறுகிறது. சவக்கடல் சுருள்களில் ஒன்றான, கும்ரான் சமூகம் என்ற யூதக் குழுவின் ஒழுங்கு நூல், ஒரு தீர்க்கதரிசியும் ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என இருவரும் வருவார்கள் என்கிறது. ஒருவர் ஆசாரியர், மற்றவர் அரசர். இதற்காகச் சுருள்களைத் தேடிப் போகவும் வேண்டாம். யோவான் 1:19-21 போதும். எருசலேமிலிருந்து வந்த ஆசாரியரும் லேவியரும் யோவான் ஸ்நானனிடம் தனித்தனியாக விசாரிக்கிறார்கள். தாம் கிறிஸ்து அல்ல என்று அவர் சொன்னதோடு விசாரணை முடியவில்லை. எலியாவா என்கிறார்கள் (மல்கியா 4:5). மோசேயைப்போல எழும்புவார் எனப்பட்ட அந்தத் தீர்க்கதரிசியா என்கிறார்கள் (உபாகமம் 18:15). அவர்கள் மனதில் இந்த மூவரும் வெவ்வேறு ஆட்கள்.

கேள்வி: ஏசாயா 53 இவ்வளவு தெளிவாக இருக்க, மேசியா பாடுபடுவார் என்பது பேதுருவுக்கு ஏன் புரியவில்லை?

பதில்: தெளிவு நமக்கு, அவருக்கு அல்ல. அந்த அதிகாரத்தில் வருபவர் ‘தாசன்’. மேசியா என்ற பெயர் அங்கே இல்லை. ஏசாயா 41:8, 49:3 ஆகிய வசனங்களில் இஸ்ரவேலே தாசன் எனப்படுகிறது. அப்போஸ்தலர் 8:34இல் எத்தியோப்பிய மந்திரி, தீர்க்கதரிசி இதைத் தம்மைக் குறித்துச் சொல்கிறாரா, வேறொருவரைக் குறித்தா என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கொல்லப்பட்ட மேசியா என்பது சீஷருக்கு ஜீரணிக்க முடியாத எண்ணம் என்பதை மாற்கு 8:32ம் லூக்கா 24:21ம் மறைக்கவே இல்லை.

கேள்வி: வேதபாட வகுப்பில் இதை எப்படி எடுப்பது?

பதில்: மத்தேயுவின் மேற்கோள்களில் தொடங்காதீர்கள். பலர் சறுக்குவது அங்கேதான். மேற்கோளை முதலில் படித்துவிட்டுப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பினால், ஒவ்வொரு வசனமும் முன்கூட்டியே எழுதிவைத்த அடையாளப் பட்டியல்போலத் தெரியும். மத்தேயு 2:15 எடுத்தாளும் ஓசியா 11:1 முன்னறிவிப்பே அல்ல. இஸ்ரவேல் எகிப்திலிருந்து புறப்பட்ட பழைய கதையை நினைவுகூருகிறது. இஸ்ரவேலின் வரலாறு இயேசுவில் மறுபடி நிகழ்வதாக மத்தேயு காட்டுகிறார்.

முதலில் 2 சாமுவேல் 7, மீகா 5:2, உபாகமம் 18:15-18 ஆகியவற்றை அவற்றின் சூழலோடு படியுங்கள். பிறகு யோவான் 7க்கு வாருங்கள். கிறிஸ்து எங்கிருந்து வருவார் என்று ஒருவரும் அறியார் என்கிறது ஒரு கூட்டம் (27). பெத்லகேமிலிருந்து வரவேண்டும் என்கிறது இன்னொன்று (42). அந்தத் தீர்க்கதரிசி இவர்தான் என்கிறார்கள் வேறு சிலர் (40). யார் எந்த வசனத்தை நினைத்துப் பேசுகிறார்கள் என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 27ஆம் வசனத்துக்கு மட்டும் பழைய ஏற்பாட்டில் நேரான ஆதாரம் கிடைக்காது. தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

கேள்வி: அப்போஸ்தலரை விசாரித்த யூத ஆலோசனைச் சங்கத்தில் நியாயசாஸ்திரி கமாலியேல் குறிப்பிடும் தெயுதாஸ் தன்னை மேசியா என்றானா?

பதில்: அப்போஸ்தலர் 5:36 அப்படிச் சொல்லவில்லை. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதும் தெயுதாஸ், தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டு யோர்தானைப் பிளப்பதாகக் கூட்டம் சேர்த்தவன். ரோமக் குதிரைப்படை அவன் தலையை வெட்டியது. ஆனால் அது கி.பி. 44க்குப் பிறகு, அதாவது கமாலியேல் பேசியதற்கும் பின்னால் நடந்தது. அவனுக்குப் பின் எழுந்தவனாகக் கமாலியேல் சொல்லும் கலிலேயனாகிய யூதாஸின் கலகமோ கி.பி. 6இல். இரண்டு தெயுதாஸ்கள் இருந்தார்கள் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அந்த இன்னொருவனுக்குத் தனி ஆதாரம் இல்லை.