இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்தக் கிளம்பிய புராட்டஸ்டன்டுகளான பியூரிட்டன்கள் கடும் மதவாதிகள்தானே, அவர்களுக்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது, ஆனால் நேர்க்கோட்டில் இல்லை.

1647 அக்டோபர் கடைசியில், இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸைத் தோற்கடித்த, பியூரிட்டன்கள் நிறைந்த படையின் அதிகாரிகளும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் லண்டனை ஒட்டிய புட்னியில் கூடி, இனி நாட்டை எப்படி ஆள்வது என்று விவாதித்தார்கள். வில்லியம் கிளார்க் அதைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்தார். அந்தக் குறிப்புகள் இருநூறு வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்து, 1891இல்தான் சார்லஸ் ஃபர்த் என்ற வரலாற்றாசிரியர் கையால் அச்சேறின.

படித்தால் அசந்துபோவீர்கள். இரண்டாம் நாள் காலை ஜெபம், அப்புறம் வாக்குரிமை! கர்னல் ரெயின்ஸ்பரோ எழுந்து, பெரிய மனிதனுக்கு இருப்பதுபோலவே பரம ஏழைக்கும் வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, தன் சம்மதம் இல்லாத அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் இல்லை என்கிறார். படையின் முக்கியத் தளபதி குரோம்வெல்லின் மருமகன் அயர்ட்டனோ, நிலபுலன் இல்லாதவனுக்கு ஓட்டு எதற்கு என்று மல்லுக்கட்டுகிறார்.

இந்தச் 'சம்மதம்' எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரே ஊற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர்களில் பலர் பழகிய கிறிஸ்தவ சபை அப்படித்தான் நடந்தது: பிஷப் கிடையாது, விசுவாசிகள் தாங்களாகவே உடன்படிக்கை செய்து சபையாகி, போதகரையும் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். சபைக்குச் சரி என்றால் நாட்டுக்கு ஏன் கூடாது என்று சிலருக்காவது தோன்றியிருக்கும்.

அதற்காக அவர்களைப் புனிதர்களாக்கிவிட வேண்டாம். அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் மாசசூசெட்ஸில் 1631இல் வாக்குரிமையைச் சபை உறுப்பினர்களோடு நிறுத்திக்கொண்டார்கள், அதுவும் ஆண்களுக்கு மட்டும்.