லைசோசோமில் இருக்கும் நொதிகள் செல்லையே ஏன் தின்றுவிடுவதில்லை?

மலேசியப் பள்ளியில் படிவம் நான்கு உயிரியல் படிப்பவர் என்று நினைத்துப் பதில் சொல்கிறேன். லைசோசோம் என்பது செல்லுக்குள் வேண்டாதவற்றைச் சிதைக்கும் சிறு பை. அதன் நொதிகள் ஒற்றைச் சவ்வுக்குள் அடைபட்டிருக்கின்றன. சவ்வின் உட்புறத்தைச் சர்க்கரை கோத்த புரதங்கள் காக்கின்றன. சவ்விலுள்ள பம்புகள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே இறைத்து பிஎச் அளவை (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 5-க்கு அருகில் வைத்திருக்கின்றன. வெளியே, செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசத்தில் அது 7.2. கொஞ்சம் கசிந்தாலும், அமிலத்தில் வேலை செய்யும் இந்த நொதிகளின் ஆட்டம் அங்கே செல்லாது. பெருமளவில் உடைந்தால் செல் சாகும், மறுக்கவில்லை.

ஆனால் லைசோசோம் என்றாலே ஆபத்து என்று சொல்லிக்கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் கோலாலம்பூர் செந்தூலில் என் தங்கை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் மகனுக்குப் பொம்பே நோய். 1932-இல் அதை விவரித்த டச்சு மருத்துவரின் பெயர் அது. லைசோசோமின் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகளில், கிளைக்கோஜனை (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) சிதைக்கும் ஒன்று மட்டும் அவனுக்கு இல்லை. சிதையாத கிளைக்கோஜன் தசைகளில் தேங்கிவிடும். கைக்குழந்தையிலேயே இதயம் பெருத்துவிட்டது, கழுத்து நிற்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்த நொதியை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். மருந்துக் குப்பியைத் தாதி குலுக்கமாட்டார். சாய்த்து மெல்ல உருட்டுவார். குலுக்கினால் புரதம் கெட்டுவிடும். நொதியில் ஒட்டியிருக்கும் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற அடையாளத்தைப் பிடித்துத்தான் செல் அதை உள்ளிழுத்து லைசோசோமில் சேர்க்கிறது. இப்போது பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

நான் மருத்துவன் அல்லன், கணக்காளன். 'உனக்கென்ன தெரியும்' என்று கேட்க வருபவர்களுக்கு: இவை மரபியல் மருத்துவரிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

உறவினர்கள் அப்படியல்ல. 'மாசமாக இருந்தபோது என்னத்தைச் சாப்பிட்டாய்?' என்று தங்கையை மட்டும் குடைந்தார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். மச்சானை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரையும் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கொடுத்த துண்டறிக்கைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தன. என் அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், தினமும் தமிழ் நாளிதழ் படிப்பவர். பேரனின் நோயைப் பற்றி அவர் படிக்க ஒரு தாள் இல்லை. கடைசியில் நானே படம் வரைந்து தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் வேண்டுமென்றால் கேளுங்கள், இங்கேயே போடுகிறேன்.