எல்டிஎல் ஏற்பி மரபணு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 31. சைவ உணவுதான், எடை 58 கிலோ, புகை, மது இரண்டும் கிடையாது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 236 என்று வந்தது. மூன்று மாதம் எண்ணெயையும் நெய்யையும் அறவே விட்டும் 218-க்குக் கீழே இறங்கவில்லை. அப்பா 44 வயதில் மாரடைப்பில் இறந்தார். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் எங்கும் தவறு செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் எண்ணையும் தந்தையாரின் மறைவையும் சேர்த்துப் பார்த்தால், பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் என்ற நிலையையே நான் முதலில் சந்தேகிப்பேன். உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இது உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் அதை அறியாமலே இருக்கிறார்கள்.

நம்முடைய 19-ஆம் குரோமோசோமில் எல்டிஎல்ஆர் என்ற மரபணு இருக்கிறது. அது உருவாக்கும் புரதம் 860 அமினோ அமிலங்கள் கொண்டது. தொடக்கத்திலுள்ள 21 வெட்டப்பட்டபின் எஞ்சும் 839, செல்லின் மேற்பரப்பில் ஏற்பியாக நிற்கிறது. இரத்தத்தில் வரும் எல்டிஎல் துகளை அது பற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் செல்லின் சவ்வு உட்குழிந்து, துகளையும் ஏற்பியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே அமிலத்தன்மை கூடும்போது ஏற்பி தன் பிடியை விட்டுவிட்டு, அடுத்த துகளைப் பிடிக்க மேற்பரப்புக்குத் திரும்பிவிடும். இந்த ஒரு சுற்றுக்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் ஆகிறது. ஓர் ஏற்பி தன் ஆயுளில் நூறு முறைக்கு மேல் இப்படிப் போய்வருகிறது. உடலில் இந்த வேலையின் பெரும்பங்கு கல்லீரலில்தான் நடக்கிறது.

தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இந்த மரபணு நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று பழுதாக இருந்தால் ஏற்பிகள் பாதியாகக் குறையும். எல்டிஎல் பிறந்த நாள்தொட்டே இரு மடங்கு அளவில் இருக்கும். உடல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்வதால் பட்டினி கிடந்தாலும் இந்தக் குறை ஈடாகாது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் மைக்கேல் பிரவுனும் நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்து, 1970-களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார்கள்; 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் ஆராய்ந்த ஒரு நோயாளியின் ஏற்பிகள் எல்டிஎல்லைச் சரியாகவே பற்றின, ஆனால் உள்ளே எடுத்துச் செல்லவில்லை. செல்லின் வாசலில் பற்றுவதும் உள்ளே அழைத்துச் செல்வதும் தனித்தனி வேலைகள் என்பது அந்தக் குறையால்தான் தெரியவந்தது. மருத்துவ வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு அது.

தைராய்டு சுரப்புக் குறைவும் சில சிறுநீரக நோய்களும் எல்டிஎல்லை உயர்த்தக்கூடும் என்பதால் அவற்றை முதலில் சோதித்துவிடுங்கள். பிறகு குதிகாலுக்குச் சற்று மேலே உள்ள தடித்த நாணை இரு விரல்களால் பிடித்துப் பாருங்கள். அது கயிறுபோல் ஒரே சீராக இல்லாமல், பருத்தோ முடிச்சு முடிச்சாகவோ தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். கொலஸ்ட்ரால் அங்கே படிந்திருக்கலாம்.

கேள்வி: ஸ்டாட்டின் மாத்திரையால் எல்டிஎல் 110-க்கு வந்துவிட்டது. கல்லீரல் கெட்டுவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். கல்லீரல் செல்லில் கொலஸ்ட்ரால் தயாராவதை ஸ்டாட்டின் தடுக்கிறது. அதனால் பற்றாக்குறைக்கு உள்ளாகும் செல், இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்காக நல்ல பிரதியைக் கொண்டு கூடுதல் ஏற்பிகளைச் செய்து மேற்பரப்பில் நிறுத்துகிறது. மாத்திரையை விட்டால் சில வாரங்களில் ஏற்பிகளும் குறையும், எல்டிஎல்லும் பழைய இடத்துக்கே ஏறும். கல்லீரலுக்குக் கடுமையான கேடு நேர்வது மிக அரிது; தசைவலி வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டாட்டின் போதாதபோது எசிடிமைப் சேர்ப்பார்கள். அதுவும் போதாவிட்டால், ஏற்பிகளை அழிவுக்கு அனுப்பும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தை அடக்கும் ஊசிகள் 2015 முதல் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் விலை இன்னும் எளிய குடும்பங்களுக்கு எட்டாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: மரபணுப் பரிசோதனை கட்டாயமா?

பதில்: சிகிச்சை தொடங்க அது கட்டாயம் இல்லை. குடும்பத்தில் ஒருவரிடம் பழுது இன்னதென்று தெரிந்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும் என்பதே அதன் பெரும் பயன். வசதி இல்லையென்றால் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் எல்டிஎல் அளவையாவது பாருங்கள்.

கேள்வி: மாமன் மகளோடு திருமணம் பேசி வருகிறார்கள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் கொலஸ்ட்ரால் அதிகம்; மாமாவுக்கு 42 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஆபத்து உண்டா?

பதில்: பேச்சு முடிவதற்குள் கேட்டீர்கள், அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். அம்மாவும் மாமாவும் ஒரே பழுதான பிரதியைத் தங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெற்றிருந்தால், அது உங்களுக்கு வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. மாமன் மகளுக்கும் அப்படியே. நீங்கள் இருவரும் பரிசோதித்து, ஒருவருக்கேனும் அது இல்லை என்று உறுதியானால், இரு பிரதிகளும் பழுதான குழந்தை பிறக்கும் என்ற கவலை தேவையில்லை. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு அத்தகைய குழந்தைக்கு உண்டு. முதல் குழந்தை நலமாகப் பிறந்தது என்பதால் இரண்டாவதற்கு அந்த வாய்ப்பு குறைந்துவிடாது. ஒரு பிரதி மட்டும் பழுதானவருக்கு மாத்திரையோடு நிறைவான வாழ்வு சாத்தியம். இரண்டும் பழுதானால் பத்து, பதினைந்து வயதிலேயே இதயக் குழாய்கள் அடைபடக்கூடும். சொந்தத்தில் பெண் எடுப்பது நம் ஊரில் பழகிய வழக்கம் என்பதால், இதைச் சொல்லும்போது பெரியவர்கள் மனம் நோகிறார்கள். நான் உறவைக் குறை கூறவில்லை. இருவருக்கும் ஓர் இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மரபணு ஆலோசனையும் முன்னதாக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு முழங்கையிலும் விரல் இடுக்கிலும் மஞ்சள் நிறக் கட்டிகள். வலி இல்லை. வெட்டி எடுத்தும் திரும்ப வந்துவிட்டன. எல்டிஎல் 540.

பதில்: அம்மா, இதில் ஒரு வாரமும் தாமதிக்காதீர்கள். விரல் இடுக்கில் வரும் மஞ்சள் கட்டி, இரு பிரதிகளும் பழுதானதைக் காட்டும் முக்கிய அடையாளம். கட்டியை வெட்டுவதால் இரத்தத்தில் உள்ளது குறையாது. பெருந்தமனி வால்வையும் கொலஸ்ட்ரால் தாக்கும் என்பதால், குழந்தைகள் இதயநோய் மருத்துவரிடம் எக்கோ எடுக்க வேண்டும். ஏற்பி சிறிதேனும் வேலை செய்தால் மாத்திரைகள் ஓரளவு உதவும். அறவே இல்லையென்றால் இயந்திரத்தின் வழியே எல்டிஎல்லை வடித்தெடுக்கும் சிகிச்சையை இரு வாரத்துக்கு ஒருமுறையாவது செய்வார்கள். ஏற்பியின் உதவி இல்லாமலே எல்டிஎல்லைக் குறைக்கும் எவினாகுமாப் என்ற மருந்துக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல ஏற்பிகள் கொண்ட கல்லீரலைப் பொருத்துவதும் ஒரு வழி. 1984-இலேயே அந்நாட்டின் பிட்ஸ்பர்க் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயத்தையும் கல்லீரலையும் ஒருசேர மாற்றினார்கள். நீங்கள், குழந்தையின் தந்தை, மற்ற பிள்ளைகள் எல்லோரும் இந்த வாரமே எல்டிஎல் பாருங்கள். பெற்றோர் இருவரிடமும் ஒரு பழுதான பிரதி இருக்கவே வாய்ப்பு மிகுதி.

கேள்வி: ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டே கருத்தரிக்கலாமா?

பதில்: கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள்; பெரும்பாலோருக்கு அதை நிறுத்தி வைத்து, தாய்ப்பால் கொடுத்து முடித்தபின் மீண்டும் தொடங்குவார்கள். எதிர்பாராமல் கரு உண்டாகிவிட்டால் பதற வேண்டாம். உடனே மருத்துவரைப் பார்த்து அவர் சொல்வதுபோல் செய்யுங்கள்.