வாங்கிய படகு ஏரிக்குப் போவதில்லை: விற்பதா, வைத்திருப்பதா?

ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஏஜாக்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்:

"மூன்று வருடங்களுக்கு முன் 19 அடிப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பெற்றோல் எஞ்சின் படகின் உள்ளே இருக்கும் வகை. எங்கள் டவுன்ஹவுஸ் வாசலில் ட்ரெயிலர் நிறுத்த அனுமதியில்லை என்பதால் வாடகைக்கு ஒரு யார்டில் நிற்கிறது. சிம்கோ ஏரிக்குத்தான் இழுத்துக்கொண்டு போவோம். முதல் கோடையில் ஆசையாகப் போனோம். போன கோடையில் நாலு தடவைதான் தண்ணீரில் இறங்கியது. யார்ட் வாடகை, காப்புறுதி, குளிர்காலப் பராமரிப்பு என்று காசு மட்டும் போகிறது. மனைவி விற்கச் சொல்கிறா. பிள்ளைகளும் வர மறுக்கிறார்கள். என் சோம்பல்தானா காரணம்? என்ன செய்யலாம்?"

சோம்பல் இல்லை, ஐயா. படகு எஞ்சின் திருத்தும் தொழிலில் இருக்கிற எவரும் முதலில் பார்ப்பது, எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரை. பத்து வயதுப் படகில் அது 200 மணி காட்டினால் எங்களுக்கு ஆச்சரியம் வராது. வருடத்துக்கு 20 மணிநேரம்தான் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். மறீனாக்களில், அதாவது வாடகைக்குப் படகு கட்டிவைக்கும் துறைகளில், கிடக்கும் படகுகளிலும் பல, வெள்ளைக் கூரைத்துணி கழற்றாமலே ஓகஸ்ட்டைக் கடந்துவிடுகின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாரும் சோம்பேறிகள் அல்ல. புறப்படலாம் என்று நினைப்பதற்கும் படகு தண்ணீரில் மிதப்பதற்கும் இடையில் அவர்களுக்கு எத்தனை மணிநேரம் போகிறது என்பதுதான் விஷயம்.

உங்கள் சனிக்கிழமை ஒன்றை எழுதிப் பாருங்கள். யார்டுக்குப் போய், ட்ரெயிலரைக் கொளுவி, விளக்குகள் எரிகின்றனவா, ரயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க முக்கால் மணிநேரம். ஏரிக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல். சனி காலை பத்து மணிக்கு இறங்குதுறையில் வரிசை நிற்கும். அங்கே பட்டிகளைக் கழற்றி, படகின் வடிகால் அடைப்பானைப் பூட்டி, சாமான்களை ஏற்றி, படகை இறக்கி, ட்ரெயிலரை நிறுத்த இடம் தேடி நடந்து வர இன்னொரு மணிநேரம். திரும்பும்போது இதே வேலை தலைகீழாக. கூட்டினால், தண்ணீரில் மூன்று மணிநேரம் இருப்பதற்குத் தரையில் ஆறு மணிநேரம் செலவாகிறது. யாருக்குத்தான் மனம் வரும்?

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தக் கணக்கில் நீங்கள் தண்ணீரில் இறங்குவது நண்பகலுக்குப் பிறகு. சிம்கோ ஏரியில் அதுதான் பொல்லாத நேரம். அந்த ஏரியின் பரப்பு 720 சதுர கிலோமீற்றருக்கும் மேல். ஆனால் சராசரி ஆழம் சுமார் 15 மீற்றர்தான். அகலமும் ஆழக்குறைவும் சேர்ந்த ஏரியில் காற்றுக்கு அலை சட்டென்று எழும்பும். குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். கோடையில் காலையில் படுத்திருக்கும் காற்று வெயில் ஏற ஏற எழும்புவது வழக்கம். ஜூலையில் பின்னேர இடிமழையும் உண்டு. 19 அடிப் படகின் முன்பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் முழுக்க நனைவார்கள், நடுங்குவார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள். அடுத்த கிழமை நீங்கள் கூப்பிட்டால் அவர்களுக்குப் பள்ளி வேலை இருக்கும். உங்கள் பிள்ளைகள் படகை வெறுக்கவில்லை. அந்த மத்தியானத்தைத்தான் வெறுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கோடையும் நீளமில்லை. மே மாத விக்டோரியா நாள் வாரஇறுதி தொடங்கி ஒக்ரோபர் நன்றி நவிலல் நாள் வரைக்கும் ஏறக்குறைய 20 வாரஇறுதிகள்தான். அதில் மழையும் காற்றும் எடுப்பவை போக, மிச்சத்தை நம் ஆட்களின் நாட்காட்டி எடுத்துவிடும். கல்யாணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், தேர், ஓகஸ்ட் இறுதியில் மார்க்கம் வீதித் தமிழர் தெருவிழா எல்லாம் அதே மாதங்களில்தான். இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. "நாளைக்குப் போட்டில் போறம்" என்று ஒருவருக்குச் சொன்னால், அது மாலைக்குள் இரண்டு வான், மூன்று குடும்பம், பாபிக்யூ அடுப்பு, றோல்ஸ் தட்டு என்று வளர்ந்துவிடும். படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று சொல்லும் தகடு சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதற்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். பாதிப்பேரைக் கரையில் விட்டுவிட்டு ஓட மனம் வராமல், கடைசியில் படகு ட்ரெயிலரிலேயே நிற்கிறது.

இனி எஞ்சினுக்கு வருவோம். ஓடாத படகுதான் கூடப் பழுதாகும். இதைப் பலர் நம்புவதில்லை. நம் நிலையங்களில் விற்கும் சாதாரணப் பெற்றோலில் பெரும்பாலும் எத்தனோல் கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தாங்கி அரைகுறையாக நிரம்பிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால், ஒரு கட்டத்தில் எத்தனோலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். குளிர்நீரை இழுக்கும் பம்பின் உள்ளே ஒரு றப்பர்ச் சக்கரம் இருக்கிறது. சுழலாமல் ஒரே நிலையில் கிடந்தால் அதன் இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடும், பிறகு வெடிக்கும். தண்ணீர் இல்லாமல் எஞ்சினைப் போட்டுப் பார்த்தாலும் அது உடனே கருகும். பற்றரி இறங்கும். சுக்கான் கம்பி இறுகும். ட்ரெயிலர்ச் சில்லின் பெயரிங்கில் கிறீஸ் காய்ந்து, 404 நெடுஞ்சாலையில் போகும்போது புகையும். எலி கூடு கட்டி வயரைக் கடித்த படகுகளும் வருகின்றன. ஆக, இரண்டு மாதம் கழித்துக் குடும்பத்தோடு போகிற அன்றுதான் படகு ஸ்ரார்ட் ஆகாது. அந்த அவமானத்தில் அடுத்த பயணம் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும். உங்கள் படகு இந்தச் சுழலுக்குள் விழுந்துவிட்டது.

என் ஆலோசனை: இப்போது விற்காதீர்கள். ஒரு கோடை, வேறு மாதிரி வைத்துப் பாருங்கள்.

முதலில் படகு நிற்கும் இடம். இதற்குத்தான் நான் மிக அழுத்தம் கொடுப்பேன். யார்டிலிருந்து எடுத்து, ஏரியொன்றின் மறீனாவில் வையுங்கள். முழுக் கோடைக்கும் கட்டுபடியாகாவிட்டால் ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதத்துக்கு மட்டும் இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள். சில மறீனாக்களில் படகைத் தட்டில் அடுக்கிவைத்து, போன் பண்ணினால் தண்ணீரில் இறக்கி வைத்திருப்பார்கள். வாடகை கூடத்தான். ஆனால் இப்படிக் கணக்குப் போடுங்கள்: வருடச் செலவு 4,000 டொலர் என்று வைத்தால், நாலு பயணத்துக்கு ஒன்று 1,000 டொலர் விழுகிறது. மறீனாவால் செலவு 6,000 ஆகி, 20 தடவை போனால் ஒரு பயணம் 300 டொலர். உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இடத்தை மாற்ற முடியாவிட்டால் தூரத்தையாவது குறையுங்கள். போர்ட் பெரியில் ஸ்கூகொக் ஏரி உங்களுக்கு சிம்கோவைவிடக் கிட்ட. ஆழம் குறைவு, களை அதிகம் என்பதால் வேகம் எடுக்க ஏற்றதல்ல; பிள்ளைகளோடு தூண்டில் போட அருமை. காற்றில்லாத மாலையில் விற்பியிலிருந்தோ ஸ்கார்பரோ பிளஃபர்ஸ் பார்க்கிலிருந்தோ ஒன்ராறியோ ஏரியின் கரையோரமாகப் போகலாம். வேலைநாள் மாலையை யாரும் யோசிப்பதில்லை. ஜூன் கடைசியில் ரொறன்ரோவில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகும். ஆறரைக்கு இறங்குதுறை பெரும்பாலும் வெறிச்சோடியிருக்கும், காற்றும் அடங்கத் தொடங்கியிருக்கும். ஒன்றரை மணிநேரம் ஓடிவிட்டு வரலாம். விளக்குகள் வேலை செய்கின்றனவா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லா வேலையும் உங்கள் ஒருவர் தலையில் இருக்கக் கூடாது. மனைவியும் படகு ஓட்டும் அட்டையை எடுக்கட்டும்; பரீட்சையை இணையத்திலேயே எழுதலாம், ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். 16 வயதான பிள்ளை இருந்தால் அவரும் எடுக்கட்டும். ஒருவர் ட்ரெயிலரைப் பின்னெடுக்க, மற்றவர் படகைப் பிடித்தால் இறங்குதுறையில் பாதி நேரம் மிச்சம். கோடை தொடங்கும் முன் ஆளில்லாத வாகனத் தரிப்பிடத்தில் ட்ரெயிலரைப் பின்னெடுத்துப் பழகுங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே என்ற பயத்தாலேயே படகை எடுக்காதவர்கள் நிறையப் பேர்.

குடும்பம் வர மறுப்பதற்கு யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது: கழிவறை. உங்கள் அளவுப் படகில் அது இருக்காது. பெண்களும் சிறுபிள்ளைகளும் நாலு மணிநேரம் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தால் மறுமுறை எப்படி வருவார்கள்? சிம்கோவின் தென்கரையில் சிபால்ட் பொயின்ற் மாகாணப் பூங்கா போல, கழிவறையும் மர நிழலும் உள்ள இடத்தை நடுவில் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். படகுக்கு மேல் மடிக்கும் துணிக்கூரை இல்லையென்றால் உடனே போடுங்கள்.

வசந்தத்தில் எஞ்சினைப் பரிசோதித்து, முதல் பயணத்தை இன்னொரு பெரியவரோடு மட்டும் போங்கள். பழுதுகள் எல்லாம் அன்றைக்கே வெளிவரட்டும். எஞ்சின் அறை மூடிய பெற்றோல் படகு என்பதால், ஒவ்வொரு முறையும் ஸ்ரார்ட் பண்ணுமுன் காற்றுவிசிறியைக் குறைந்தது நாலு நிமிடம் ஓடவிடுங்கள். அது சட்டம், அடியில் தேங்கிய பெற்றோல் ஆவி வெடித்து உயிர் போகாமல் இருப்பதும் அதனால்தான். உயிர்காப்புச் சட்டை ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நான் கேட்பது அதற்கு மேல்: எல்லாரும் போட்டிருக்க வேண்டும். நம்மில் நீந்தத் தெரியாதவர்கள் அதிகம், மே, ஜூனில் வெயில் சுட்டாலும் ஏரித் தண்ணீர் மூச்சைப் பிடிக்கும் குளிர். காற்று 15 நொட்டுக்கு (மணிக்கு சுமார் 28 கிலோமீற்றருக்கு) மேல் என்று அறிக்கை சொன்னால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். அன்றைக்கு வீட்டில் நின்றால் அடுத்த கிழமை அவர்கள் வருவார்கள்.

ஏரியை விட்டுக் கிளம்பும்போது வடிகால் அடைப்பானைக் கழற்றி, நீரை வடித்து, ஒட்டிய களையை அகற்றுவது ஒன்ராறியோவில் 2022 முதல் கட்டாயம். ஏரிகளைக் கெடுக்கும் அந்நியச் சிப்பியினமான சீப்ரா மட்டிகள் ஏரி விட்டு ஏரி போவது படகில் ஒட்டித்தான். கழற்றிய அடைப்பானைச் சாரதி ஆசனத்தில் வைத்தால் அடுத்த முறை பூட்ட மறக்காது. குளிர்காலப் பராமரிப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: எஞ்சினுக்குள் மிஞ்சும் நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் வரை விரியும், இரும்பு வெடித்துவிடும்.

மே மாதம் அந்த மணிநேர மீட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தினத்தன்று மீண்டும் பாருங்கள். இத்தனையும் செய்தும் எட்டுப் பயணம் தேறவில்லை என்றால் விற்றுவிடலாம். அப்போது இலையுதிர்காலத்தில் அவசரப்பட்டுத் தள்ளிவிடாமல், முறையாகக் குளிர்காலத்துக்குத் தயார்செய்து, பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, மார்ச் கடைசியில் விளம்பரம் போடுங்கள். வாங்குகிறவர்கள் தேடும் நேரம் அது. பிறகும் ஆசை விடவில்லை என்றால் 14 அடி அலுமினியப் படகும் 9.9 குதிரைவலு எஞ்சினும் பாருங்கள். 10 குதிரைவலுவுக்குக் கீழ் என்பதால் படகுக்கு உரிம இலக்கம் எடுக்க வேண்டியதில்லை, ஓட்டுபவருக்கு அட்டை மட்டும் போதும். சின்னக் காரே இழுக்கும், இரண்டு பேர் பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம்.